எத்தனை போட்டு எடுத்த சராசரி?

ஸ்டோரில் எண்ணிக்கை குறைந்தால் முதலில் ஆள் மேல் பழி விழும், அடுத்துத் தராசு மேல். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: சாம்பிளுக்கு எத்தனை உருப்படி போட்டீர்கள்?

எண்ணும் தராசு செய்வது வகுத்தல் கணக்குதான். பத்து வாஷரை நாம் எண்ணிப் போட்டால், அந்த எடையைப் பத்தால் வகுத்து ஒரு வாஷரின் சராசரியை வைத்துக்கொள்கிறது. பிறகு தட்டில் ஏறும் மொத்த எடையை அந்தச் சராசரியால் வகுக்கிறது. முதல் வகுத்தலில் புகுந்த பிழை, சரக்கு கூடக்கூடத் தானும் பெருகும்.

0.1 கிராம் வரை காட்டும் தராசு, வாஷர் ஒன்று 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வாஷருக்கு 10.0 காட்டினால் உண்மை எடை 9.95 முதல் 10.05 வரை எதுவாகவும் இருக்கலாம். அரை சதவீதப் பிசகு. 5000 வாஷரில் அது 25 வாஷர். 100 போட்டுச் சாம்பிள் எடுத்தால் இரண்டு மூன்றில் நின்றுவிடும். கூடுதலாகச் செலவாவது ஓரிரு நிமிடம்.

திரையில் தெரிவதைவிட நுட்பமாக உள்ளே கணக்கிடும் தராசுகளில் இந்தப் பிசகு குறையும். ஆனால் உருப்படிக்கு உருப்படி எடை மாறுவதை எந்தத் தராசாலும் திருத்த முடியாது. டை தேயத் தேய எடை நகரும். துத்தநாக முலாம் ஒரு லாட்டில் கனமாகவும் இன்னொன்றில் மெல்லிசாகவும் ஏறும். எண்ணெய் பூசிய திருகுகளில் பெட்டியின் அடியில் கிடப்பவை அதிகம் நனைந்திருக்கும். திட்டவிலக்கம் 2 சதவீதம் உள்ள சரக்கில், பத்து உருப்படியின் சராசரி 0.6 சதவீதம் தள்ளிப்போவது சகஜம். நூறு என்றால் 0.2. ஆகவே மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினால் போதாது. நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுக்க வேண்டும். பொருள் எண்ணை அழுத்தியதும் போன வருடச் சராசரி வந்து நிற்கும் வசதியை நான் அறவே நம்புவதில்லை. லாட் மாறினால் சாம்பிளும் புதிதாக எடுக்கப்பட வேண்டும்.

இரண்டு தயாரிப்பாளரின் நட்டு ஒரே பின்னில் கலந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாணயங்களே காட்டும். 1992 வரிசையின் எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 2011 வரிசையின் ஒரு ரூபாய் 3.79 கிராம். அந்த 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 4.85 கிராமே! பிரிக்காமல் நிறுத்தால் எண்ணிக்கையும் தப்பும், தொகையும் தப்பும்.

பிளாஸ்டிக் க்ரேட்டுகளுக்கு ஒரே டேர் எடையைப் பதிந்து வைப்பதும் வேண்டாம். க்ரேட்டுக்கு க்ரேட் 20 கிராம் வித்தியாசம் இருந்தால், அதுவே 20 வாஷர்.

முத்திரை இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை கட்டாயம். அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் அந்த முத்திரை தராசு காட்டும் எடைக்கு உரியது. நீங்கள் போட்ட சாம்பிளை ஆய்வாளர் பார்ப்பதில்லை.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். பின் கார்டில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சாம்பிள் அளவையும் லாட் எண்ணையும் எழுதுங்கள். வாரம் ஒரு பையைக் கையால் எண்ணி, தராசு சொன்னதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை அதே கார்டில் குறியுங்கள். அடுத்த தணிக்கையில் கையிருப்பு குறைந்தால், ஸ்டோர் ஆளை விசாரிப்பதற்கு முன் அந்தக் கார்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.