தனியுரிமைக் கொள்கையும் மறைந்த வினைமுதலும்

நம் துறையில் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் இன்று கைலியும் சேலையும் இணையத்தளம் வழியே விற்று வருகின்றார். அண்மையில் அவர் நம்மை நாடி வந்து, தம் தளத்தின் தனியுரிமைக் கொள்கையைத் தமிழாக்கித் தருமாறு வேண்டினார். ஆங்கில மூலத்தைப் படித்த நமக்கு நகைப்பும் கவலையும் ஒருங்கே எழுந்தன. கலிபோர்னியா மாநிலத்தார்க்குரிய உரிமைகள் அதில் ஒரு பத்தி அளவுக்கு விரிந்து கிடந்தன! வாடிக்கையாளர்தம் விவரங்களை எவர்க்கும் அளிப்பதில்லை என்ற உறுதிமொழியும் இருந்தது. "அப்படியாயின் கூரியர்காரருக்கு முகவரி தருவதில்லையா?" என வினவினோம். "தந்துதானே ஆக வேண்டும், ஐயா" என்றார். எவருடைய கொள்கையையோ படியெடுத்து ஒட்டியதன் விளைவு இது.

மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, அவரிடமே கேட்டு எழுதத் தொடங்கினோம். எவ்விவரத்தைப் பெறுகிறீர், எதற்காக, யாரிடம் தருகிறீர், எத்துணைக் காலம் வைத்திருப்பீர், அழிக்கச் சொல்வோர் யாரைக் கேட்பது என்று ஒவ்வொன்றாக வினவினோம். விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் ஒன்றிடம் தொலைபேசி எண்கள் அனைத்தையும் தந்திருந்தார் என்பது மூன்றாம் வினாவில் வெளிப்பட்டது. அவற்றுள் பெரும்பாலன பெண்களின் எண்கள். சேலை வாங்கத் தந்த எண் அது, வேறெதற்கும் தந்ததன்று.

"'விவரங்கள் பகிரப்படலாம்' என்று எழுதிவிடலாமே" என்றார். நாம் உடன்படவில்லை. செயப்பாட்டு வினையில் வினைமுதல் எளிதாக மறைந்துகொள்ளும் என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். பகிர்பவர் யார்? பெறுபவர் யார்? 'நாங்கள் உங்கள் எண்ணை விளம்பர நிறுவனத்துக்குத் தருகிறோம்' என்பதே நேர்மையான தொடர். அதனை எழுதக் கை கூசுமாயின், குற்றம் தொடரில் இல்லை, செயலில் உள்ளது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒப்புதல் கோரும் வேண்டுகோள் தெளிவான எளிய மொழியில் அமைய வேண்டும் என்கிறது; அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் விரும்பியதில் அதனைப் படிக்கும் வாய்ப்பையும் தரச் சொல்கிறது. எனவே தமிழில் கேட்பது சலுகை வேண்டுதல் அன்று. விவரங்களைப் பெறும் நிறுவனத்துக்கு அச்சட்டம் இட்டிருக்கும் ஆங்கிலப் பெயர், பிறர் பொருளை நம்பிக்கையின்பேரில் காப்பவர் என்னும் பொருளுடையது. நம் இல்லங்களில் வழங்கும் 'அமானிதம்' என்ற சொல்லை நினைவூட்டியதும் மாணவர் சற்றே தலைகுனிந்தார்.

இத்தகைய பணியைக் கணினியின் மொழிபெயர்ப்புக்கோ வழக்கறிஞர்க்கு மட்டுமோ விட்டுவிடலாகாது என்பது நம் கருத்து. தமிழ் பயின்றோர் அமர்ந்து எழுத வேண்டிய உரைநடை இது. விண்ணப்பமும் கடிதமும் எழுதப் பயிற்றும் நாம், இதனையும் பயிற்றலாம் அன்றோ?

ஒரு வாரம் கழித்து மாணவர் தொலைபேசியில் அழைத்தார். எண்கள் தருவதை நிறுத்திவிட்டாராம். அத்தொடரை நீக்கிவிடலாமா என்று கேட்டார். முன்னர்த் தந்த எண்களை அந்நிறுவனம் அழித்ததா என வினவினோம். கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.