கதைக்கிற மெசினுக்கும் தமிழ் வேணும்

என்னோட ரெஸ்ரோரண்டில வேலை செய்யிற அண்ணை ஒருவரின்ர மகனுக்கு டவுண் சின்ட்ரோம். கதைக்கிறது கஷ்டம். படத்தைத் தொட்டா அவனுக்காகக் கதைக்கிற ரப்லட் ஒண்டு பள்ளிக்கூடத்தில குடுத்திருக்கினம். இங்கிலீசு மட்டும்தான். வீட்டிலயும் தமிழை விடுங்கோ, பிள்ளை குழம்பிடும் எண்டு புத்திமதி வேற.

எனக்கு இதில துளியும் உடன்பாடில்லை. கனடாவில டவுண் சின்ட்ரோம் பிள்ளையளை வைச்சு 2005இல ஒரு ஆய்வு வந்தது. இரண்டு பாசையோட வளர்ந்த எட்டுப் பேரைப் பாத்தவை. ஒரு பாசைப் பிள்ளையளை விட இங்கிலீசில அவை குறையேல்லை. சின்ன ஆய்வுதான், ஆனா பிறகு வந்ததுகளும் அதைத்தான் சொல்லுது.

சென்னையில செய்த அவாஸ் செயலி தமிழும் கதைக்கும். தாய் தேப்பன்மாரே, கூச்சப்படாமல் கேளுங்கோ. ரீச்சரிட்ட அவன் தண்ணி கேட்டிடுவான். இங்கிலீசு தெரியாத அப்பம்மாவிட்ட எப்பிடிக் கேக்கிறது, நீங்களே சொல்லுங்கோ?