பள்ளமா, மேடா? இரண்டு படங்கள் சொல்லும் ஆழம்

அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றை போனில் இருக்கும் மேப்பில் தேடி, சாட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். சிலருக்கு அது குழியாகத் தெரியும். சிலருக்கோ உச்சி தட்டையான மேடு போலத் தெரியும். மேடாகத் தெரிந்தால் போனை அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். மேடு இருந்த இடத்தில் பள்ளம் தெரியலாம்!

கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் மூளை பழகிவிட்டது. சாட்டிலைட் படங்களைப் பெரும்பாலும் காலை 10, 11 மணி வாக்கில் எடுக்கிறார்கள். வருடத்தின் பல மாதங்களில் அந்த நேரத்தில் சூரியன் நமக்குத் தென்கிழக்கே இருக்கும். மேப்பில் தெற்கு கீழே இருப்பதால், படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மூளை குழம்பிப்போய் குழியை மேடாக்கிவிடுகிறது.

போனில் பார்ப்பவருக்கு இது வேடிக்கை. நிலவில் லேண்டரை இறக்குபவருக்கு இதே குழப்பம் வந்தால்? பல நூறு கோடி ரூபாயும் பல வருட உழைப்பும் ஒரே நொடியில் கவிழ்ந்துவிடும்.

ஒரு கண் போதாது

இந்தக் குழப்பத்துக்கு மருந்து நம் முகத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். வலது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இங்கும் அங்கும் தாவும், பின்னால் இருக்கும் சுவர் அவ்வளவாக நகராது. பக்கத்தில் இருப்பது அதிகம் நகரும், தூரத்தில் இருப்பது குறைவாக நகரும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது.

செயற்கைக்கோளும் இதையே செய்கிறது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று 26 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்தது, இன்னொன்று 5 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்தது. முன் கேமரா ஓர் இடத்தைப் படம் எடுத்த சுமார் 52 விநாடியில் பின் கேமரா அதே இடத்தைப் படம் எடுத்துவிடும். 618 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு ஜோடிக் கண்கள் கிடைத்தது போலத்தான்.

40 மீட்டர் ஆழமுள்ள ஒரு சுரங்கக் குழியை எடுத்துக்கொள்வோம். இந்த இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், குழியின் விளிம்பு சரியாகப் பொருந்தும்போது அடித்தளம் ஏறத்தாழ 25 மீட்டர் விலகி நிற்கும். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 2.5 மீட்டர். ஆக, பத்துப் புள்ளி விலகல். இதை அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று பார்த்தால் பள்ளமா, மேடா என்பதும் தெரிந்துவிடும். பெரம்பலூர் மாவட்டம் காரை அருகே மழைநீர் அரித்துப் போட்ட ஓடைகளையும் இப்படி அளக்கலாம்.

நிலவில் இடம் பார்த்த கதை

2008 அக்டோபர் 22 அன்று கிளம்பிய சந்திரயான்-1 இந்த வித்தையை நிலவுக்கே கொண்டுபோனது. அதன் கேமரா ஒவ்வொரு இடத்தையும் முன்னால் இருந்து, நேர் மேலே இருந்து, பின்னால் இருந்து என மூன்று கோணங்களில் படம் பிடித்தது. ஒரு புள்ளிக்கு 5 மீட்டர் என்ற அளவில் நிலவின் மேடு பள்ளங்கள் கிடைத்தன.

லேண்டர் இறங்குவதற்கு அந்த அளவு போதாது. ஒரு மீட்டர் பாறை கூட அதன் காலை வாரிவிடும். தரை 12 டிகிரிக்கு மேல் சரிந்திருந்தாலும் ஆபத்து. சந்திரயான்-2 ஆர்பிட்டரில் இருக்கும் கேமரா இங்கேதான் கைகொடுத்தது. 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் அளவுள்ளதைக்கூடப் பிரித்துக் காட்டும் கேமரா அது. ஒரு சுற்றில் ஒரு கோணம், அடுத்த சுற்றில் வேறு கோணம் என்று ஒரே இடத்தை இருமுறை எடுத்தால் தரையின் சரிவு தெரியும். 2019-ல் விக்ரம் லேண்டர் விழுந்து நொறுங்கிய பிறகும் ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது அனுப்பிய படங்கள் சந்திரயான்-3 இறங்க இடம் தேட உதவின. சுமார் 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு பகுதி தேர்வானது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது.

நம் ஊர்க் குழிகள்

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர், பெரம்பலூர் பக்கம் கடல் இருந்தது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆகிறது. எவ்வளவு தோண்டினார்கள், எல்லை தாண்டினார்களா என்ற கேள்விக்கு முன்பெல்லாம் கையால் அளந்த கணக்குதான் பதில். 2021 நவம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆண்டுக்கு 10 லட்சம் டன்னோ அதற்கு மேலோ தோண்டும், அல்லது 50 ஹெக்டேரும் அதற்கு மேலும் குத்தகைப் பரப்புள்ள சுரங்கங்கள், ஆண்டுதோறும் ட்ரோன் படங்கள் தர வேண்டும். எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரையும் படம் எடுக்க வேண்டும். ஒன்றையொன்று மூடும்படி எடுத்த ட்ரோன் படங்களிலிருந்தும் இதே இரு கண் கணக்கில் ஆழத்தையும் அளவையும் எடுத்துவிடலாம்.

ஆனால் இந்தக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. அடையாளம் தெரிந்தால்தான் இரு படங்களையும் பொருத்த முடியும். நிலவின் தென் துருவத்தில் சூரியனே படாத பள்ளங்களில் சாதாரணப் படம் பலிக்காது. அங்கே லேசரும் ரேடாரும்தான் துணை. நம் ஊரில் அந்த இருட்டுக்குச் சமம், கலங்கிய தண்ணீர். கைவிடப்பட்ட குழியில் மழைநீர் நிறைந்துவிட்டால் கேமராவுக்குத் தெரிவது நீரின் மேல்பரப்பு மட்டும். குளிக்க இறங்கும் பிள்ளைக்கும், தண்ணீர் குடிக்க இறங்கும் மாட்டுக்கும் தெரிவதும் அதுதான்.

அதனால் குழி காய்ந்து கிடக்கும்போதே அளந்துவிட வேண்டும். ட்ரோன் கணக்கு ஏற்கெனவே இருந்தால், அதில் உள்ள ஆழத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி, வேலியோடு குழிக்கரையில் நட்டுவைக்கலாம். 3.8 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளத்தின் ஆழத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். ஊருக்குப் பக்கத்துக் குழியின் ஆழம் ஊராருக்குத் தெரிய ஒரு பலகை போதும்.