காட்டுவாசி ஜோக்கும் ஒரு செல்ஃபியும்

போன வாரம் எங்கள் கோயம்புத்தூர் பள்ளி நண்பர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு மீம் வந்தது. இடுப்பில் இலை, முகத்தில் கரி, கையில் செல்போன். கீழே, "அட்டப்பாடிக்கு 5ஜி வந்தாச்சு". வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். இதில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். "மச்சி, ஜோக்கை ஜோக்கா பாருடா" என்றான் ஒருத்தன்.

சரி, பார்த்துவிடுவோம்.

ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. அங்கே இருப்பவர்கள் இருளர், முடுகர், குறும்பர். ஆனைகட்டி பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள்தான். யார் இலை கட்டியிருந்தார்கள்? அது சினிமாக்காரர்கள் மாட்டிவிட்ட உடுப்பு ஐயா! மலையாளத்தில் 2002ல் 'பாம்பூ பாய்ஸ்' என்று ஒரு முழுப்படமே எடுத்தார்கள். நம்ம கோடம்பாக்கமும் சளைத்ததில்லை. கரி பூசி, புரியாத பாஷையில் கத்த வைத்தால் காமெடி டிராக் ரெடி.

நிஜ பாஷை என்ன தெரியுமா? 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் நஞ்சியம்மா பாடியது இருளர் மொழியில். நம் காதுக்கே பாதி புரியும். 2022ல் அதற்குத் தேசிய விருது அறிவித்ததும், முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா என்று இணையத்தில் ஒரு சர்ச்சை. கோமாளி வேஷம் என்றால் கைதட்டுவோம். மேடை என்றால் சர்டிஃபிகேட் கேட்போம்.

இடுக்கி பக்கம் போனால் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி. 2010ல் கேரளாவின் முதல் பழங்குடி பஞ்சாயத்து ஆன ஊர். வார்டு, ஓட்டு, தலைவர் எல்லாம் உண்டு. இதை வைத்து எவனும் மீம் போட மாட்டான்.

இப்போது அந்த செல்ஃபி. 2018 பிப்ரவரி 22. அட்டப்பாடி மதுவை, அரிசி திருடினார் என்று சொல்லி, காட்டிலிருந்து பிடித்து வந்து கையைக் கட்டி அடித்தார்கள். கட்டிய நிலையிலேயே அவரோடு செல்ஃபியும் எடுத்தார்கள். அன்றே செத்துப்போனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது.

மீம்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிபட்டு நிற்கும் ஒரு மனுஷனைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கத் தோன்றியதே, அது எங்கிருந்து வந்தது? அவர் வேடிக்கைப் பொருள் என்று யார் பழக்கினார்கள்?

'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் அபு நம்மைக் கேலி செய்கிறான் என்று இங்கே எத்தனை பேர் கொதித்தோம்? குரல் கொடுத்த நடிகரே 2020ல் விலகிக்கொண்டார். அன்று நம்மில் எவனும் "ஜோக்கை ஜோக்கா பாரு" என்று சொல்லவில்லையே மச்சி?

அடுத்த முறை ஃபார்வர்டு அழுத்துமுன் மதுவை நினைத்துக்கொள். அவ்வளவுதான்.