வாங்குவதும் அறமே



சாரல் பருவத்தில் குற்றாலம் செல்வோர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் தெருவோரக் கடைகளில் பேரம் பேசி வாங்கி வருகின்றனர். வீடு சேர்ந்ததும் அதே குடும்பத்தார் சோப்பு முதல் செருப்பு வரை அனைத்தையும் கைப்பேசி வழியே அமேசான் நிறுவனத்திடம் கேட்டுப் பெறுகின்றனர்.

அந்நிறுவனம் 2013 ஜூனில் இந்தியாவில் விற்பனையைத் தொடங்கியது. 2016இல் 'பிரைம்' என்னும் உறுப்பினர் திட்டத்தை ஆண்டுக்கு 499 ரூபாய் என்ற அறிமுகச் சந்தாவில் வழங்கிற்று. மறு ஆண்டே சந்தா 999 ரூபாயாயிற்று. 2021 டிசம்பரில் 1,499 ரூபாயாக உயர்ந்தது. சந்தா கட்டியவரோ, "கட்டிய பணம் வீணாகலாமா?" என்றெண்ணித் தேவையற்றதையும் வாங்குகின்றார்.

நம் நெல்லைச் சீமைக்கு இது புதிய பாடமன்று. 1906இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, எதிரியான ஆங்கிலக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது; இலவசமாக ஏற்றிச் செல்லவும், குடை வழங்கவுங்கூட முன்வந்தது என்பர். 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். சில ஆண்டுகளில் அவர் நிறுவனமும் மறைந்தது. மலிவு எப்பொழுதும் ஈகையன்று. எளியவனைக் களத்தினின்று அகற்றும் கருவியாகவும் அது அமைவதுண்டு.

பொருள் வாங்குவது பொருளாதாரச் செயல் மட்டுமன்று, அறச் செயலுமாகும் என்று திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் அதனை மீண்டும் வலியுறுத்தினார். இவ்வறம் நம் மளிகைக் கடையின் பற்றுக் குறிப்பேட்டில் சோதிக்கப்படுகின்றது. கையில் பணமுள்ள நாளில் அமேசானுக்கு ரொக்கம். கை வறண்ட நாளில் அண்டைக் கடைக்காரரிடம் கடன்! இது நீதியாகுமா? 2020 மார்ச்சு இறுதியில் நாடு அடைபட்டபோது, அப்பெருநிறுவனம் அத்தியாவசியமல்லாத பொருள்களுக்குக் கோரிக்கை ஏற்பதை நிறுத்தி வைத்தது. அரிசியும் பருப்பும் தந்து பல இல்லங்களின் அடுப்பெரியச் செய்தவை தெருமுனைக் கடைகளே. அக்கடை மூடப்பட்டால், வேலை இழப்பவர் நம் பங்கின் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம்.

நம் ஊரில் கிடைக்காத நூலையோ, நோயாளிக்கு வேண்டிய கருவியையோ தொலைவிலிருந்து வரவழைப்பது குற்றமன்று. பொதி சுமந்து வரும் இளைஞரும் நம் பிள்ளைகளே, அவர்களை இகழலாகாது. ஆனால் சந்தா முடியும்போது அதனைப் புதுப்பிக்காது விடலாம். தானே புதுப்பிக்கப்படும் ஏற்பாடு இருப்பின் அதனை முன்னரே நீக்கிவிடுக. வாரத்திற்கொரு முறை தேவைகளைக் குறித்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் செல்லுங்கள். பழைய பற்றை முதலில் தீருங்கள். காய்கறிகளுக்குப் பாவூர்ச்சத்திரச் சந்தை அருகிலேயே உள்ளது.

வணிகப் பெருமக்களுக்கும் ஒரு சொல்: கள்ளத் தராசினை இறைவாக்கினர் ஆமோஸ் வன்மையாகக் கண்டித்தார். நேரிய எடையும், நியாய விலையும், இன்முகமும் உங்களிடம் இல்லையேல், மக்கள் உங்களை விட்டு அகல்வதற்கு அயல்நாட்டாரைப் பழித்துப் பயனில்லை.

அயலானை அன்பு செய் என்பது ஆண்டவர் கட்டளை. அந்த அயலான் பல வேளைகளில் நம் தெருமுனைக் கடையில், தராசின் மறுபுறம் நிற்கின்றான்.