கூட்டத்தில் ஒரு பில்லை எழுதிக் காட்டுங்கள்

சங்கக் கூட்டங்களில் வரி விளக்கம் என்றால் இப்பொழுது கம்ப்யூட்டரும் திரையும் இல்லாமல் நடப்பதில்லை. நடக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விளக்குகளை அணைத்துவிட்டு, பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகத் திரையில் ஓட்டி, பேச வந்தவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதையே வாசிப்பதற்கு விளக்கம் என்று பெயரா? வியாபார நேரத்தில் கடையை அடைத்துவிட்டு வந்த மளிகைக்காரர், கடைசி வரிசையில் உட்கார்ந்து எதைப் படிப்பார்?

முன்பெல்லாம் ஓவர்ஹெட் புரொஜெக்டர் வைப்பார்கள். கீழே பல்பு, அதன் மேல் கண்ணாடித் தட்டு, உயரத்தில் லென்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும். தட்டில் ஒளி ஊடுருவும் தாளை வைத்துப் பேனாவால் எழுத எழுதத் திரையில் பெரிதாகத் தெரியும். விசிறி இரையும், நல்ல நேரத்தில் பல்பு போய்விடும், அது வேறு கதை. ஆனால் பேசுகிறவர் நம் முகத்தைப் பார்த்தபடியே எழுதலாம். அறையை முழுவதும் இருட்டாக்க வேண்டியதில்லை. நாம் விழிப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டு மறுபடி சொல்லலாம்.

2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்த சமயம், ஓர் ஆடிட்டர் நமக்கு இப்படித்தான் எழுதிக் காட்டினார். 4 சதவீதப் பொருளை 1,000 ரூபாய்க்கு வாங்கினால் வரி 40 ரூபாய். அதை 1,100 ரூபாய்க்கு விற்றால் வரி 44 ரூபாய். கொடுத்ததைக் கழித்து நாம் கட்ட வேண்டியது 4 ரூபாய். சட்டப் புத்தகத்தை வாசித்திருந்தால் இது ஏறியிருக்குமா?

இப்பொழுது விஷயம் அதைவிடச் சிக்கல். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. 26 கிலோ மூட்டைகள் வந்த காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில்லறை விற்பனைக்கான 10 கிலோ பைகள் பத்தை ஒரே சாக்கில் கட்டினால்? 100 கிலோ ஆயிற்றே, வரி இல்லை என்று பில் போட்டால் தவறு, வரி உண்டு. வரி கட்டி வாங்கிய 25 கிலோ பையைக் கடைக்காரர் பிரித்துச் சில்லறையில் அளந்து விற்றால், அந்த விற்பனைக்கு வரி இல்லை. அதற்காக வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இதெல்லாம் ஒரு சாக்குப் படமும் இரண்டு பில்லும் போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிகிற சமாச்சாரம். புரியாமல் வீட்டுக்குப் போனால் பின்னால் நோட்டீஸ் வரும், வட்டியும் அபராதமும் சேர்ந்து வரும்.

பழைய மெஷினைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு ஸ்டாண்டில் செல்போனைக் கவிழ்த்து மாட்டி, கீழே வெள்ளைத்தாளை வைத்து எழுதினால், இப்பொழுதுள்ள புரொஜெக்டரிலேயே அது தெரியும்படி இணைத்துவிடலாம். நம் வீட்டுப் பிள்ளைகளே செய்து கொடுப்பார்கள்.

சங்க நிர்வாகிகள் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் அச்சிடும் முன்பே பேச்சாளரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்களின் பில்களில் சந்தேகமுள்ளதை, பெயரை மறைத்து, முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிட வேண்டும். வாழ்த்துரைகளைக் கடைசிக்குத் தள்ளினால், கடை திறக்கப் போக வேண்டியவர்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம்.