'விசா தேவையில்லை' என்றால் 'வேலைக்குப் போகலாம்' என்று அர்த்தம் இல்லை!



வேலைவாய்ப்பு குரூப்களில் இருக்கிற எல்லாருக்கும் இந்த மாதிரி ஒரு மெசேஜாவது வந்திருக்கும். "பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை. ஏதாவது ஒரு டிகிரி, ஆங்கில டைப்பிங் போதும். மாதம் 80,000 ரூபாய். ரூம், சாப்பாடு இலவசம். விசா தேவையில்லை, பாஸ்போர்ட் இருந்தால் பத்து நாளில் பயணம்."

என்கூட இன்ஜினியரிங் முடிச்ச பசங்க இருக்கிற குரூப்லயும் இது வந்தது. அஞ்சே நிமிஷத்தில் மூணு பேர் "டீட்டெயில்ஸ் அனுப்புங்க ப்ரோ"ன்னு கேட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல இந்தப் பதிவை எழுதலை. நாலு வருஷம் படிச்சு, கல்விக்கடன் வாங்கி, 15,000 சம்பளத்துக்கு இன்டர்வியூ வரிசையில் நிக்கிறவன் காதில் 80,000ன்னு விழுந்தா, கேட்கத்தான் செய்வான்.

அந்த மெசேஜில் உண்மையான வரி ஒண்ணே ஒண்ணுதான்: 'விசா தேவையில்லை'. கூகுளில் தேடினா அது சரின்னே வரும். அந்த ஒரு உண்மையை முன்னாடி நிறுத்தித்தான் மத்த பொய் எல்லாத்தையும் விக்கிறாங்க. அதனால அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு முதலில் பார்த்திடலாம்.

தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதித்தது. 2024 ஜூலை 15 முதல் அதை 60 நாளாக்கியது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் கொடுத்தது. அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. கொரோனாவில் படுத்துப்போன சுற்றுலாவைத் தூக்கி நிறுத்த அந்த நாடுகள் எடுத்த முடிவு இது. வா, சுத்திப் பார், செலவு பண்ணு, திரும்பிப் போ. அவ்வளவுதான் ஒப்பந்தம். தாய்லாந்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்து சம்பளம் வாங்கணும்னா அதுக்குத் தனி விசா இருக்கு, அதுக்கு மேல ஒர்க் பெர்மிட் இருக்கு. "முதல்ல டூரிஸ்ட்டா வாங்க, வந்ததும் மாத்திக்கலாம்"னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே போனை வெச்சிடுங்க.

'விசா தேவையில்லை'ன்னா 'நிபந்தனையே இல்லை'ன்னும் அர்த்தம் கிடையாது. பாஸ்போர்ட் குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடியாகணும். திரும்பி வர டிக்கெட் இருக்கணும். தங்கும் இடத்தின் முகவரியும் செலவுக்குப் பணமும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூணு நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பணும். மலேசியாவுக்கும் அதே மாதிரி ஒரு அட்டை. ரெண்டுமே இலவசம். (இதுக்கும் காசு கேட்கிற போலி இணையதளங்கள் இருக்கு. தேடினதும் மேல வர்ற விளம்பர லிங்க்கைத் தொடாதீங்க.) எல்லாம் சரியா இருந்தாலும் உள்ளே விடுறதா வேண்டாமாங்கிறது கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற அந்த நாட்டு அதிகாரியின் முடிவு. நாள் கணக்கும் அடிக்கடி மாறும். ஆறு மாசம் முன்னாடி போயிட்டு வந்த நண்பர் சொன்னதை நம்பாம, டிக்கெட் போடும் முன்னாடி அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்க. சிங்கப்பூரையும் இந்தக் கணக்கில் சேர்த்துடாதீங்க, அதுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும்.

கொடுத்த நாளைத் தாண்டித் தங்கினா? தாய்லாந்தில் ஒரு நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். கொஞ்ச நாள் மட்டும் தாண்டியிருந்து, தாமா விமான நிலையத்துக்கு வந்து கட்டினா பெரும்பாலும் இதோட போகும். நடுவில் போலீஸில் மாட்டினா, தாண்டினது ஒரு வருஷத்துக்கும் குறைவா இருந்தால்கூட அஞ்சு வருஷத்துக்கு நாட்டுக்குள் நுழையத் தடை. மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் சிறைத் தண்டனையே இருக்கு. சுற்றுலாவா போய் அங்கே ஓட்டலில் வேலைக்கு நின்னு, சோதனையில் பிடிபட்டு, பேசக்கூட வழியில்லாம உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்க கதை நம்ம மாவட்டங்களுக்குப் புதுசு இல்லை.

இதுவரைக்கும் சொன்னது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

தாய்லாந்தின் மேற்கு எல்லையில் மே சோட்னு ஒரு ஊர். அதை ஒட்டி மோய் ஆறு ஓடுது. அக்கரை மியான்மரின் மியாவாடி. 'பாங்காக் வேலை'ன்னு நம்பி இறங்கினவங்களைக் காரில் ஏத்தி, ஏழு எட்டு மணி நேரம் ஓட்டி, ஆற்றைக் கடத்தி அந்தப் பக்கம் கொண்டுபோறாங்க. சுற்றிலும் மதில், துப்பாக்கியோட காவல், உள்ளே வரிசையா கம்ப்யூட்டர். போலிப் பெயரில் புரொஃபைல் திறந்து, ஆசையாப் பேசி, கிரிப்டோ முதலீடுன்னு சொல்லி ஏமாத்தணும். அதுதான் 'டேட்டா என்ட்ரி'. முடியாதுன்னா அடி, பட்டினி. வெளியே விடணும்னா வீட்டிலிருந்து பணம் வரணும். மியான்மருக்குள் போனதுக்கு முத்திரை இல்லை, தாய்லாந்தை விட்டு வந்ததுக்கும் முத்திரை இல்லை. தப்பிச்சு ஆற்றைத் தாண்டி வந்தாலும் தாய்லாந்து போலீஸ் கண்ணுக்கு அவன் சட்டவிரோதமா எல்லை தாண்டினவன்.

வெளியுறவுத்துறை 2022 செப்டம்பரிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஐ.டி. தெரிஞ்ச இளைஞர்களைத்தான் குறி வைக்கிறாங்கன்னு அதிலேயே இருக்கு. அடுத்த மாதம் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தாங்க. 2025 மார்ச்சில் மே சோட்டுக்கு இந்திய விமானப்படை விமானமே போய், ரெண்டு நடையில் 549 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் விமானப்படை விமானங்கள் போக வேண்டி வந்தது.

கவனிங்க, 2022இல் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா இல்லா அனுமதி கொடுக்கவே இல்லை. அப்போது போய் இறங்கி விசா வாங்கிக்கிற முறை இருந்தது. அதனால 'சலுகைதான் காரணம், அதை மூடு'ன்னு சொல்றது தப்பு. முதல் தடவையா குடும்பத்தோட விமானம் ஏறி கோலாலம்பூர் பத்துமலைக்குப் போயிட்டு வர்ற நடுத்தரக் குடும்பத்தின் சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்? ஓட்டை வேற இடத்தில் இருக்கு. அது நம்ம நாட்டுச் சட்டத்தில் இருக்கு.

வெளிநாட்டு வேலைக்கு நாம வெச்சிருக்கிற சட்டம் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். அது யாரைப் பாதுகாக்குதுன்னு பாருங்க. பத்தாம் வகுப்பு முடிக்காதவர் பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்' வகையில் வரும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்கணும். வேலை ஒப்பந்தத்தைக் காட்டணும், காப்பீடு எடுக்கணும். நல்ல ஏற்பாடு. பத்தாவது பாஸ் பண்ணிட்டா? எந்த அனுமதியும் வேண்டாம். படிச்சவன் தன்னைத்தானே பார்த்துக்குவான்னு 1983இல் நினைச்சாங்க. வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவங்களை மனசில் வெச்சு எழுதின சட்டத்துக்கு அது நியாயமான நினைப்புதான்.

இன்னைக்கு மோசடிக் கும்பலுக்குத் தேவை ஆங்கிலம் டைப் அடிக்கத் தெரிஞ்ச பட்டதாரி. அவனுக்கு இந்தப் பக்கம் குடிபெயர்வு அனுமதி இல்லை. அந்தப் பக்கம் தூதரகத்தில் விசா விண்ணப்பமும் இல்லை. வேலை கொடுக்கிற கம்பெனி பெயரை, சம்பள ஒப்பந்தத்தை, அவன் கிளம்பும் முன்னாடி ஒரு அரசு அதிகாரிகூட ஒரு தடவை பார்க்கிறதில்லை. அவன் எங்கே போனான்னு பதிவும் இல்லை. காணாமப் போனா, அம்மா கையில் இருக்கிறது பாங்காக் டிக்கெட்டின் பி.டி.எஃப். மட்டும்தான்.

இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்தது. 2018 நவம்பரில், அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் ஆன்லைனில் பதிவு செய்யணும்னு ஒன்றிய அரசு அறிவித்தது. பதிவு செய்யலைன்னா விமானம் ஏற விடமாட்டோம்னும் சொன்னாங்க. எதிர்ப்பு வந்தது, அதே மாதக் கடைசியில் நிறுத்தி வெச்சாங்க. மிரட்டி அமல்படுத்தப் பார்த்தது தப்புதான். ஆனா மிரட்டல் இல்லாத ஒரு நல்ல வடிவத்தைக் கொண்டுவந்திருக்கலாமே? 2025 அக்டோபரில் 1983 சட்டத்துக்குப் பதிலா ஒரு புதிய மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்து கேட்டாங்க. அதில் நம்ம தரப்புக் கேள்வி ஒண்ணுதான்: சுற்றுலாப் பயணியா கிளம்பி வேலைக்குப் போகிற பட்டதாரியை இது கணக்கில் எடுக்குதா?

நாம மெத்தனமா இருந்தா என்ன ஆகும்னு ஈரான் காட்டிடுச்சு. 2024 பிப்ரவரி 4 முதல் விமானத்தில் வரும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 15 நாள் விசா இல்லா அனுமதி கொடுத்த நாடு அது. ஈரானில் வேலை, அங்கிருந்து வேற நாட்டுக்கு அனுப்புறோம்னு ஏஜென்ட்கள் ஆள் கூட்டிட்டுப் போக, போனவங்களைக் கடத்தி வீட்டில் பணம் கேட்டாங்க. கடைசியில் 2025 நவம்பர் 22 முதல் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகையையே ஈரான் நிறுத்திடுச்சு. கும்பல் செய்த குற்றத்துக்கு, வரலாறு பார்க்க ஆசைப்பட்டவனும் விசா வரிசையில் நிக்கிறான்.

பாஸ்போர்ட் ரேங்க் பட்டியல் வந்தா போதும், 'இத்தனை நாட்டுக்கு விசா வேண்டாம், பாரீர்'னு போஸ்டர் போடுறவங்க, இந்த நிறுத்தத்துக்கு ஒரு போஸ்டர் போட்டதை நான் பார்க்கலை.

நாம கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. சென்னை, திருச்சி, கோவை, மதுரை விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனைக்கு முன்னாடி தமிழில் ஒரு பலகை: 'சுற்றுலா அனுமதியில் வேலை செய்ய முடியாது, உங்களுக்கு வேலை உறுதி சொல்லியிருந்தால் இங்கே சொல்லுங்கள்'. பக்கத்தில் தமிழ் பேசுற ஒரு ஆள். தனியாப் போகிற 23 வயசுப் பையனைக் குற்றவாளி மாதிரி நிக்க வெச்சு அதட்டுறதுக்குப் பதிலா, உட்கார வெச்சு ரெண்டு கேள்வி. கல்லூரிகளில் இறுதியாண்டு பிளேஸ்மென்ட் வகுப்பில் ஒரு மணி நேரம் இதுக்கு. மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறை இதைச் செய்யலாம், டெல்லியைக் கேட்க வேண்டியதே இல்லை.

நீங்க செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கு. வெளிநாட்டு வேலைன்னு யாராவது வந்தா, ஒன்றிய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரெண்டு லட்சம் கேட்கிறவர் யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஏற்கெனவே போய் இறங்கிட்டீங்க, கார் நகரத்தை விட்டு வெளியே ஓடிக்கிட்டே இருக்குன்னா, கையில் போன் இருக்கும்போதே லொகேஷனை வீட்டுக்கு அனுப்புங்க, இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணைக் கூப்பிடுங்க. அந்த எண்ணைக் கிளம்பும் முன்னாடியே சேமிச்சு வெச்சிருக்கணும்.

இந்த மாதிரி மெசேஜ் உங்க குரூப்பில் வந்தா உடனே டெலீட் பண்ணிடாதீங்க. ஸ்கிரீன்ஷாட், அனுப்பின நம்பர், பணம் கேட்டிருந்தா அந்த யு.பி.ஐ. ஐடி, மூணையும் எடுத்து வெச்சு 1930இல் சொல்லுங்க. கமெண்ட்டிலும் போடுங்க, நம்பரை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்க. எங்க அணியில் இருக்கிற பசங்க அந்த ஏஜென்ட் பெயரை இ-மைக்ரேட் பட்டியலில் சரிபார்த்து அன்னைக்கே பதில் சொல்றோம்.

#விசாஇல்லை_வேலையும்இல்லை